கடலடிப் பெண்ணும் சோழ மாப்பிள்ளையும்

சிங்கப்பூரின் தோற்றக் கதை கடலுக்கடியில் நடந்த ஒரு திருமணத்தில் தொடங்குகிறது. 'செஜாரா மெலாயு' என்று பரவலாக அறியப்படும் மலாய் அரச வரலாற்று நூலில் அந்தக் கதை இருக்கிறது. தீவுக்குச் 'சிங்கபுர' என்று பெயரிட்டவன் சாங் நீல உத்தமன். அவன் குலம், கெலிங் நாட்டு அரசன் ஒருவனுக்கும் கடலடி உலகத்து இளவரசி ஒருத்திக்கும் பிறந்த பிள்ளைகளின் வழி வந்தது என்கிறது நூல். கலிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்த 'கெலிங்', மலாய் மக்கள் நாவில் தென்னிந்தியாவுக்கு, சிறப்பாகத் தமிழ் நிலத்துக்கு, வழங்கிய பெயர். இன்று அந்தச் சொல் வசையாகிவிட்டது. நூல் எழுதப்பட்ட காலத்தில் அது வெறும் நாட்டுப் பெயர். அரசனின் பெயர் சில படிகளில் ராஜா சூலான், சிலவற்றில் ராஜா சூரான். சோழன் என்ற பெயரே இப்படித் திரிந்திருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கதை இப்படிப் போகிறது. கெலிங் அரசன் மண்ணுலகின் பெரும்பகுதியை வென்று முடித்தபின் சீனத்தின்மேல் படையெடுக்கிறான். படை தெமாசெக் வரை வந்துவிடுகிறது. தெமாசெக் என்பது சிங்கப்பூரின் பழைய பெயர். சீனத்து அரசன் அஞ்சுகிறான். ஆனால் போருக்கு ஆள் அனுப்பாமல் ஒரு கப்பலை அனுப்புகிறான். அதில் துருப்பிடித்த ஊசிகளும், காய்த்துக் குலுங்கும் இலந்தை முதலான பழமரங்களும், பல்லுதிர்ந்த கிழவர்களும் இருக்கிறார்கள். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்டதற்கு அந்தக் கிழவர்கள், நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்கள், இந்த மரங்கள் அப்போது நட்ட விதைகள், இந்த ஊசிகள் அப்போது கைத்தடிமன் இரும்புக் கம்பிகள் என்கிறார்கள். கெலிங் அரசன் படையைத் திருப்பிக்கொள்கிறான்.

நிலமெல்லாம் தெரிந்துவிட்டது, கடலுக்குள் என்ன இருக்கிறது என்ற ஆசை அவனுக்கு அப்போதுதான் வருகிறது. உள்ளிருந்தே பூட்டவும் திறக்கவும் கூடிய கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் செய்யச் சொல்கிறான். பொற்சங்கிலியில் கட்டி அதைக் கடலில் இறக்குகிறார்கள். பெட்டி அடியில் ஒரு நாட்டில் போய் நிற்கிறது. அங்கே ஊர் உண்டு, மக்கள் உண்டு, அக்தாப் அல்-அர்து என்ற அரசன் உண்டு. வந்தவன் எந்த ஊர் என்று அந்த அரசன் கேட்கிறான். மேலுலகம் என்று பதில் வந்ததும், நம்முடைய உலகத்தைத் தவிர வேறு உலகமும் இருக்கிறதா என்று வியக்கிறான். வேற்றுலகத்தான் என்ற பெயர் யாருக்குப் பொருந்துகிறது என்பது இந்த இடத்தில் தலைகீழாகிறது. கடலடி மக்களின் கண்ணுக்கு விந்தை மனிதனாகத் தெரிபவன் சோழன்.

அரசனின் மகள் மஹ்தாப் அல்-பஹ்ரி. பாரசீகச் சொல்லும் அரபுச் சொல்லும் சேர்ந்த அந்தப் பெயருக்குக் கடலின் நிலவொளி என்று பொருள். அவளை மணந்து அவன் மூன்று ஆண்டுகள் அங்கே வாழ்கிறான். மூன்று ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. பிறகு, மண்ணுலகில் தன் குலம் அற்றுப்போகுமே என்ற கவலை அவனைப் பிடிக்கிறது. பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே அனுப்பிவையுங்கள் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு, சிறகுள்ள கடற்குதிரை ஒன்றில் ஏறிக் கரை சேர்கிறான். நடந்ததை ஒரு கல்லில் பொறிக்கச் செய்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்புகிறான். மஹ்தாப் அல்-பஹ்ரி அழுதாள் என்பதோடு அவள் கதை நின்றுவிடுகிறது. மூன்று பிள்ளைகளோடு கடலுக்கடியில் விடப்பட்ட பெண் பிறகு என்ன ஆனாள் என்று நூல் சொல்வதில்லை. கதையின் பெரிய குறை இது. அவளே இல்லாவிட்டால் அடுத்து வரும் அரச பரம்பரை எதுவும் இல்லை.

பிள்ளைகள் வளர்ந்து இளைஞர்களாகி வெளிப்படும் இடம் சுமாத்திராவின் பலெம்பாங். அங்கே சிகுந்தாங் குன்றில் வான் எம்போக், வான் மாலினி என்ற இரு கைம்பெண்கள் மலைநெல் பயிரிட்டு வாழ்கிறார்கள். ஓர் இரவு வயல் தீப்பற்றியதுபோல் ஒளிர்கிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் நெல்மணி பொன்னாகவும், இலை வெள்ளியாகவும், தண்டு பித்தளையாகவும் மாறியிருக்கின்றன. நடுவே மூன்று அரச இளைஞர்கள் நிற்கிறார்கள். நீங்கள் ஜின்களா, தேவ கணங்களா என்று பெண்கள் கேட்கிறார்கள். நாங்கள் மனிதர்கள், இஸ்கந்தர் சுல்கர்னைனின் வழி வந்தவர்கள் என்று பதில் வருகிறது. இஸ்கந்தர் என்பது மாமன்னர் அலெக்சாண்டர். இந்த மூவரில் ஒருவனே சிங்கபுரத்தை நிறுவியவன் என்று சில படிகளும், ஒருவனின் மகன் என்று வேறு சில படிகளும் சொல்கின்றன. அவன் பிந்தான் தீவிலிருந்து துணிபோல் வெளுத்த மணற்கரையைக் கண்டு கடலைக் கடக்கிறான். புயலில் மரக்கலம் மூழ்கப்போக, தன் மணிமுடியைக் கடலில் எறிந்து தப்புகிறான். கரையில் செந்நிற உடலும் கருந்தலையும் வெண்மார்பும் கொண்ட விலங்கு ஒன்றைக் காண்கிறான். அது சிங்கம் என்று சொல்லப்பட, ஊருக்குப் பெயர் வந்துவிடுகிறது. மரபு இதற்கு 1299 என்ற ஆண்டைக் குறித்திருக்கிறது.

இதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் ஊர் இருந்தது உண்மை. சீன வணிகர் வாங் தாயுவான் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெமாசெக் பற்றி எழுதியிருக்கிறார். 1984இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் தொடங்கிய அகழாய்வு 14ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பை உறுதிசெய்தது. அதே குன்றில் 1928இல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது, காலமுகம் பொறித்த பொற்கடகம் உள்ளிட்ட நகைகள் கிடைத்தன. அவை கிழக்குச் சாவக வேலைப்பாட்டைச் சேர்ந்தவை.

நூலின் வயதும் வழியும் தெரிந்தவையே. இன்று கிடைக்கும் மிகப் பழைய வடிவம் 1612இல் ஜொகூர் அரசவையில் தொகுக்கப்பட்டது. துன் ஸ்ரீ லானாங் என்ற பெருமந்திரியின் பெயர் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அதன் கைப்படி ஒன்று, சிங்கப்பூரை ஆங்கிலேயர் துறையாக்கிய ராஃபிள்ஸின் சேகரத்தின் வழியாக லண்டன் ராயல் ஆசியக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜான் லெய்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 1821இல் அச்சேறியது. மலாய் மூலத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சிங்கப்பூரிலேயே அச்சிட்டவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்த அப்துல்லாவின் கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நாகூர் வந்து அங்கே பெண் கட்டியவர். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், தானும் சிறுவயதில் அப்படிக் கற்றதாகவும் அவர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கடல் தாண்டி வந்த மாப்பிள்ளையின் கதையை அச்சுக்குக் கொடுத்தவரின் குடும்பமே அப்படி ஒரு மாப்பிள்ளையின் வழி வந்தது.

மாப்பிள்ளை என்ற சொல்லும் கடல் தாண்டியிருக்கிறது. மலாயில் மணமகனுக்கும் மணமகளுக்கும் வழங்கும் 'மெம்பெலாய்' தமிழ் மாப்பிள்ளையிலிருந்து வந்தது. அரசன் இறங்கிய 'பெத்தி' தமிழ்ப் பெட்டி. ஆனால் பெட்டிக்குள் இருந்து கடலைப் பார்க்கும் அந்தக் காட்சி தமிழ்நாட்டிலிருந்து போனதல்ல. அலெக்சாண்டரைக் கண்ணாடிக் கலத்தில் கடலுக்குள் இறக்கும் கதை கிரேக்கத்தில் தோன்றி, பாரசீகம் வழியாகக் கீழை நாடுகளெங்கும் பரவியது. கவிஞர் அமீர் குஸ்ரோவின் காவியத்துக்காக அக்பரின் ஓவியச்சாலையில் 1590களின் இறுதியில் அந்தக் காட்சியை வரைந்தார்கள். மலாய் அரசர்கள் தங்களை அலெக்சாண்டரின் வழித்தோன்றல்களாகச் சொல்லிக்கொண்டதால் பெட்டி கதைக்குள் வந்தது. பெட்டி போய் நின்ற இடத்தில் நடப்பது வேறு கதை. கீழுலகத்துப் பெண், அரசனோடு சில காலம் கூடிவாழ்தல், பிரிவு, மேலே வந்து சேரும் பிள்ளை, அந்தப் பிள்ளையிடமிருந்து தொடங்கும் அரசகுலம் என்ற இந்த வரிசை அலெக்சாண்டர் கதையில் இல்லை. தமிழில் இருக்கிறது.

தொண்டைமான் இளந்திரையன் பிறப்புப் பற்றி உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்வது அதற்கு முதல் சாட்சி. பத்துப்பாட்டில் 500 அடிகள் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் இளந்திரையன்மேல் பாடியது. அதற்கு உரை எழுதுகையில் நச்சினார்க்கினியர் ஒரு கதையைத் தருகிறார். நாகப்பட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்துவாரம் வழியாக நாகலோகம் போகிறான். பிலம் என்பது பாதாளத்துக்கு இறங்கும் குகைவழி. அங்கே நாககன்னி ஒருத்தியை மணக்கிறான். அவன் திரும்பும் வேளையில், நமக்குப் பிறக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று அவள் கேட்கிறாள். தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, அவன் கரை சேர்ந்தால் நாடு தருவேன் என்கிறான் சோழன். குழந்தையைத் திரை கொண்டுவந்து சேர்க்கிறது. கொடியால் தொண்டைமான், திரையால் திரையன். கிளம்பும்முன் பிள்ளையைப் பற்றி நடக்கும் அந்தப் பேச்சு வரைக்கும் மலாய்க் கதையோடு பொருந்துகிறது.

மணிமேகலையில் வரும் பீலிவளை இன்னும் உயிருள்ளவள். சோழன் நெடுமுடிக்கிள்ளி புகாரின் கடற்கரைச் சோலையில் தனியே நிற்கும் ஒரு பெண்ணைக் காண்கிறான். அவள் யார் என்று சொல்லவில்லை. ஒரு திங்கள் அவனோடு அந்தச் சோலையில் கூடியிருந்து, ஒருநாள் சொல்லாமல் போய்விடுகிறாள். அவன் தேடித் திரிகிறான். நாக நாட்டு வேந்தன் வளைவணனுக்கும் வாசமயிலைக்கும் பிறந்த மகள் பீலிவளை அவள் என்றும், இனி அவள் வரமாட்டாள், மகன்தான் வருவான் என்றும் சாரணர் ஒருவர் அவனுக்குச் சொல்கிறார். பின்னர் அவள் மணிபல்லவத் தீவில் கம்பளச் செட்டியின் கப்பலில் குழந்தையைக் கொடுத்து அனுப்புகிறாள். கரைக்கு அருகே வந்தபோது இரவில் கப்பல் உடைகிறது. குழந்தை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. துயரத்தில் கிள்ளி இந்திரவிழாவை மறக்கிறான், புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு மாதக் காதல் ஒரு நகரத்தின் அழிவில் போய் முடிகிறது. தமிழ்க் காப்பியங்களில் வேற்றுலகக் காதல் இவ்வளவு விலை கேட்ட இடம் வேறில்லை.

பீலிவளை யாரென்று சொல்லாமலே காதலித்ததும், கிள்ளி கேட்காமலே காதலித்ததும் தமிழ் வாசகருக்கு விந்தையாகத் தோன்றாதவை. அகப்பொருள் இலக்கணத்தில் காதலின் முதல் காட்சியே ஓர் ஐயந்தான். களவில் தலைவனுக்குப் பதினாறு வயது, தலைவிக்குப் பன்னிரண்டு என்று இறையனார் களவியல் உரை வகுக்கிறது. தனியே நிற்கும் பெண்ணைக் கண்டதும் அந்த இளைஞனுக்கு முதலில் எழும் கேள்வி, இவள் மானிடப் பெண்ணா, அணங்கா என்பது. அந்த ஐயம் தீரும் வழியைத் தொல்காப்பியக் களவியல் சொல்கிறது. கூந்தல் பூவை மொய்க்கும் வண்டு, அணிந்த நகை, உடலில் எழுதிய கொடிக்கோலம், வாடும் பூ, தடுமாற்றம், இமைக்கும் கண், அச்சம் ஆகியவை இருந்தால் அவள் மனிதப் பெண். பூ வாடாமலும் கண் இமைக்காமலும் இருந்தால் ஓடிவிட வேண்டியதுதான். நாககன்னிக் கதைகள் இந்த ஐயத்தைத் தீர்க்காமல் விட்டு, அணங்கையே மணந்துகொண்ட ஆண்களைப் பற்றியவை. குன்றின்மேல் மூன்று இளைஞர்களைக் கண்ட வான் எம்போக்கும் வான் மாலினியும் கேட்டதும் இதே கேள்வியைத்தான்.

அரசகுலங்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருந்தது. மூன்றாம் நந்திவர்மன் காலத்து வேலூர்ப்பாளையம் செப்பேடு, பல்லவ முன்னோன் வீரகூர்ச்சன் நாக அரசன் மகளை மணந்து அரசுச் சின்னங்களைப் பெற்றான் என்கிறது. இராயக்கோட்டைச் செப்பேட்டில் அசுவத்தாமனுக்கும் நாகப் பெண்ணுக்கும் பிறந்தவன் பல்லவ முன்னோன். வங்கக் கடலுக்கு அப்பால், இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டின் மி சோன் கல்வெட்டு ஒன்று, 658ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கௌண்டின்யன் என்ற அந்தணன் சோமா என்ற நாகப் பெண்ணை மணந்ததைச் சொல்கிறது. கம்போடிய அரச மரபின் தொடக்கமாக அது கருதப்பட்டது. இன்றும் கம்போடியத் திருமணங்களில் மணமகன் மணமகளின் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னே நடக்கிறான். நாக இளவரசியின் பின்னே நீருக்குள் இறங்கியவனின் நினைவு அது.

கதை எந்த வழியில் மலாய் நாட்டுக்குப் போனது என்பதற்குக் கடலோரச் சான்றுகள் நிறையவே இருக்கின்றன. சுமாத்திராவின் ஸ்ரீவிஜய அரசர்கள் முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை கட்டினார்கள். சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடுத்தான். அடுத்த தலைமுறையில், 1025 வாக்கில், முதலாம் இராசேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். கடாரம், மலையூர், பண்ணை, இலங்காசோகம், தலைத்தக்கோலம் என்று தஞ்சைப் பெரியகோயில் மெய்க்கீர்த்தி அடுக்கும் பட்டியலில் தெமாசெக் இல்லை. சுமாத்திராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைக் குறிக்கிறது. படை வந்து போய்விடும்; வணிகர்கள் ஆண்டுக்கணக்கில் தங்குவார்கள், காற்று மாறக் காத்திருப்பார்கள், உள்ளூரில் குடும்பம் வைப்பார்கள், பிறகு சிலர் திரும்புவார்கள். மூன்று ஆண்டு இருந்து மூன்று பிள்ளைகளை விட்டுச்சென்ற சூலானின் நடத்தையில் அரசனைவிட அந்த வணிகனே அதிகம் தெரிகிறான்.

இரு கரைக் கதைகளையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு துலங்கும். தமிழ்க் கதைகளில் பிள்ளை அப்பனின் நாட்டுக்கு வருகிறது. திரையன் தொண்டை நாட்டுக்கு வந்து சேர்கிறான், பீலிவளையின் மகன் புகார்க் கரைக்கு வரும் வழியில் தொலைகிறான். மலாய்க் கதையில் பிள்ளைகள் கெலிங் நாட்டுப் பக்கமே திரும்பவில்லை. பலெம்பாங்கில் முளைத்து, பிந்தானுக்கும் தெமாசெக்குக்கும் போகிறார்கள். அப்பனின் பெயர் மட்டும் கூட வருகிறது. தமிழருக்கு நாகலோகம் கடலுக்கு அப்பால். மலாய்க்காரர் அந்த அப்பாலிலேயே இருந்தவர்கள். தங்கள் பெண்ணைத் தேடிவந்த சோழனின் கதையை அவர்கள் தங்கள் கரையிலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

சூலான் பொறித்ததாகச் சொல்லப்படும் கல் கிடைத்ததில்லை. ஆனால் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819இல் காடு வெட்டியவர்கள் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள பாறை ஒன்றைக் கண்டார்கள். அதில் ஐம்பது வரிகள் அளவுக்கு எழுத்து இருந்தது. யாராலும் படிக்க முடியவில்லை. அது பாடாங் என்ற மலாய்ப் பலசாலி தூக்கி எறிந்த கல் என்று ஊர் சொன்னது. 1843இல் ஆற்றுவாயை அகலப்படுத்தவும் கோட்டை கட்டவும் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டுகளில் ஒன்று இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. 2019இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்ற எழுத்துகளைப் படித்து, சோழர் பட்டமான பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாக அது இருக்கலாம் என்றார். இது முடிந்த முடிவல்ல. பாறை முழுதாக இருந்திருந்தால் ஒருவேளை இந்நேரம் விடை கிடைத்திருக்கும். அதை உடைத்தது சிங்கப்பூர் வரலாற்றுக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

கல் இருந்த இடத்துக்குச் சற்று மேலே, ராஃபிள்ஸ் கரையேறிய இடம் என்று குறிக்கப்பட்ட ஆற்றோரத்தில், 2019 ஜனவரியில் ராஃபிள்ஸ் சிலையின் பக்கத்தில் நான்கு புதிய சிலைகளை நிறுத்தினார்கள். சாங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை, வணிகர் தான் தோக் செங். கடலடிப் பெண்ணின் வழி வந்தவனும் அவள் கதையை அச்சிட்டவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நாராயண பிள்ளை அந்த வரிசைக்கு இன்னொரு வழியில் உரியவர். பினாங்கிலிருந்து 1819 மே மாதம் 'இந்தியானா' கப்பலில் ராஃபிள்ஸோடு வந்து, 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் எழக் காரணமாக இருந்தவர். பாதாளத்துப் பெண்ணின் இரண்டாவது கதை அந்தக் கோயிலில் இருக்கிறது.

மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுந்த அந்தக் கோயில் 1843 வாக்கில் செங்கல் கட்டடமானது. 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. நாகப்பட்டினம், கடலூர் வட்டாரத்து மக்களின் உழைப்பும் வழிபாடும் அதில் கலந்திருக்கின்றன. திரௌபதி அம்மன் வழிபாடு வேரூன்றிய வட்டாரம் அது. அவர்கள் பாரதக் கதையைக் கொண்டுவந்தார்கள். கூடவே அரவானும் வந்தான். கோயிலில் மாரியம்மனுக்கு அடுத்த சிறப்பு திரௌபதிக்கு. அரவானுக்குத் தனிச் சன்னதி உண்டு.

அரவான் அருச்சுனனின் மகன். தீர்த்த யாத்திரையில் கங்கையில் நீராடிய அருச்சுனனை நாக அரசன் கௌரவ்யனின் மகள் உலூபி நீருக்குள் இழுத்துக்கொண்டு தன் உலகுக்குப் போகிறாள். இங்கே ஆசைப்பட்டவளும் அழைத்தவளும் பெண்ணே. ஓர் இரவு கழிந்ததும் அவன் மேலே வந்துவிடுகிறான். அரவான் தாயின் உலகில் வளர்கிறான். குருக்ஷேத்திரப் போர் வந்ததும், அதுவரை தேடாத அப்பனின் பக்கம் வந்து சேர்கிறான். வடமொழிப் பாரதத்தில் அவன் போரில் ஓர் அரக்கன் கையில் மாள்கிறான். தமிழ் மரபு அவனைப் போருக்கு முன்பே காளிக்குக் களப்பலி ஆக்கிவிட்டது. 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அது வந்துவிடுகிறது. முப்பத்திரண்டு இலட்சணமும் அமைந்த உடல் வேண்டும் என்று தேடியபோது அருச்சுனனும் கண்ணனும் அரவானும் மட்டுமே பொருந்தினார்கள், அரவான் முன்வந்தான் என்பது ஊர்களில் சொல்லும் கதை. சாகும் முன் மணம் முடிக்க ஆசைப்பட்ட அவனுக்குக் கண்ணன் மோகினியாகி ஓர் இரவு மனைவியானதை விழுப்புரம் பகுதியின் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டும் அறுத்தும் நினைவுகூர்கிறார்கள். பாதாளத்தில் தொடங்கிய காதலுக்குப் பிறந்தவன், தன் காதலுக்கும் ஓர் இரவே பெற்றான்.

அரவான் வழிபாட்டில் பெரும்பாலும் உடல் இல்லை, தலைதான். பெரிய முகம், முறுக்கிய மீசை, விரிந்து வெறித்த கண்கள், நெற்றியில் நாமம், காதில் கனத்த குண்டலம். மணிமுடிக்கு மேலே பல இடங்களில் நாகம் படம் விரித்து நிற்கும். அது தாய்வீட்டு அடையாளம். அப்பனின் போருக்காகத் தலை கொடுத்தவனின் தலைமேல் அம்மாவின் குலம் குடைபிடிக்கிறது. அருகில் உலூபிக்கு உருவம் வைத்திருப்பதில்லை. அந்தப் பாம்புப் படம் ஒன்றுதான் அவளைச் சொல்கிறது.

  

மாரியம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா 1840களின் தொடக்கம் முதலே நடந்துவருகிறது. கொடியேற்றத்தோடு தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நீளும் வழிபாட்டில் திரௌபதி கல்யாணம், அருச்சுனன் தபசு, அரவான் களப்பலி, பதினெட்டாம் போர் எல்லாம் முறையே வரும். தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு, ஐப்பசியில், தீமிதி. அன்று மஞ்சள் உடுத்திய பக்தர்கள் லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் கூடுவார்கள். 1855இல் தோன்றிய அந்தக் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். தலையில் கரகம் ஏந்திய பூசாரி முன்னே போக, கையில் வேப்பிலையோடும் வாயில் கோவிந்தா முழக்கத்தோடும் நகரத்தின் நடுவே வெறுங்காலில் நடக்கிறார்கள். ஃபோர்ட் கேனிங் குன்று இருக்கும் பகுதியைத் தாண்டி, கல் வெடித்துச் சிதறிய ஆற்றைக் கடந்தால் கோயில் கோபுரம் தெரியும். உள்ளே பூக்குழி அனலாகத் தயாராக இருக்கும். களப்பலி அதற்குச் சில நாள் முன்பே முடிந்திருக்கும். நாகலோகத்துப் பிள்ளை தன் பங்கைக் கொடுத்துவிட்ட பிறகே திரௌபதியின் பிள்ளைகள் தீயில் இறங்குகிறார்கள்.